லோடு கொடுத்துப் பார்: மண்டபம் பக்கம் ஒரு டிவி மெக்கானிக்கின் தொழில் மாற்றம்

பழைய தொழில்: ரேடியோ, டிவி ரிப்பேர். இடம்: உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, ராமேஸ்வரம் சாலையை ஒட்டிய ஒரு கடைத்தெரு. கடை திறந்தது 1991, பலகையை இறக்கியது 2021. இப்போதைய தொழில்: விசைப்படகுகளில் பேட்டரி வயரிங், ஜிபிஎஸ், எக்கோ (கடலின் ஆழம் காட்டும் கருவி), வயர்லெஸ். வயது 56.

பெயர் போட வேண்டாம் என்றார். போட்டாலும் அந்தக் கரையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்பு ‘டிவிக்காரர்’, இப்போது ‘வயர்காரர்’. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 1997-லும் 98-லும் கோடை லீவுக்கு அவர் கடையில் உட்கார்ந்து ஈயம் வைக்கக் கற்றுக்கொண்டவன் நான். இப்போது ஐ.டி.ஐ.யில் பையன்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். ஆகவே இதை நடுநிலையான ஆள் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருஷா வருஷம் யாராவது ஒரு பையன் “சார், ரிப்பேர் கடை வச்சா ஓடுமா?” என்று கேட்கிறான். ஓடும், ஓடாது என்று ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாததால் இதை எழுத உட்கார்ந்தேன்.

நோட்டு

அண்ணனிடம் உருப்படி நோட்டு என்று ஒன்று எப்போதும் இருக்கும். தேதி, ஊர், செட்டின் கம்பெனி, கோளாறு, மாற்றிய சாமான், வாங்கிய காசு, பாக்கி. முப்பது வருஷத்தில் பத்தொன்பது நீள நோட்டு. இரண்டைக் கரையான் தின்றுவிட்டது, மிச்சம் பரணில் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தை மட்டும் எண்ணினேன். பள்ளி லீவு, வெயில், வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் இருக்கும் மாதம் என்பதால் ஒப்பிட வசதி.

1996 மே, 58 உருப்படி. 2003 மே, 94. 2010 மே, 71. 2014 மே, 33. 2018 மே, 11. இந்த 11-இல் மூன்று மிக்ஸி.

எண்ணும்போது கண்ணில் பட்டது எண்ணிக்கை மட்டுமில்லை. ஆரம்ப நோட்டுகளில் கோளாறு என்ற இடத்தில் விதவிதமாக எழுதியிருப்பார்: ‘எல்.ஓ.டி. லீக்’, ‘வெர்டிகல் ஐசி’, ‘டிரை சால்டர்’, ‘கண்டன்சர் ஊதல்’, ‘பல்லி’. கடைசி நோட்டுகளில் அந்த இடம் பெரும்பாலும் ‘பேனல்’ (எல்.இ.டி. டிவியின் திரை) என்றும், காசு என்ற இடம் காலியாகவும் கிடந்தது.

கம்பம் நட்ட காலம்

1991-ல் கடை திறந்தபோது வேலையில் பாதி செட்டில் இல்லை, ஆன்டெனாவில்தான் இருந்தது. நம் தூர்தர்ஷன் அந்தக் கரைக்குப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. கடலுக்கு அந்தப்புறம் 1982-ல் தொடங்கிய ரூபவாஹினி, பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து வந்து இங்கே வீட்டுக்கு வீடு இறங்கியது. இருபதடி ஜி.ஐ. பைப் இரண்டைச் சேர்த்து நட்டு, உச்சியில் பூஸ்டர் மாட்டி, இலங்கைப் பக்கம் திருப்பி வைப்பார்கள். அண்ணனின் அப்பா பனையேறி. மகன் கம்பம் ஏறினார். கீழே ஒருவர் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்து “இன்னும் கொஞ்சம்... போதும், போதும், போயிருச்சு” என்று கத்துவார்.

1995-ல் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயர தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. கம்ப வேலை குறைந்தது, செட் வேலை ஏறியது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்த செட்டுகள் வேறு. சவூதியிலிருந்து வந்த சிலவற்றில் 110 வோல்ட் சுவிட்சைக் கவனிக்காமல் நம் 230-இல் சொருகி, வந்த அன்றே புகை விட்டு கடைக்கு வரும். அந்த வீடுகளில் விருந்து முடிவதற்குள் செட்டைத் திருப்பித் தரவேண்டும் என்பதால் கூலி தாராளம்.

“இந்த ஊர்ல டிவிக்கு வியாதி ரெண்டுதான் தம்பி. ஒண்ணு இடி, இன்னொண்ணு உப்பு” என்பார். டியூப் செட்டின் பின்பக்கம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். அந்த மின்னழுத்தம் தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். மற்ற ஊரில் அது வெறும் தூசி. இங்கே உப்புத் தூசி. வாடைக்காற்று மாதங்களில் உப்பு ஈரம் குடித்ததும் டியூபின் தொப்பியைச் சுற்றி ‘ஸ்ஸ்’ என்று சத்தம், ஓசோன் வாசனை, பிறகு நீலப் பொறி. துடைத்து, ஸ்பிரிட் போட்டு, காயவைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். வெளியூர் மெக்கானிக், அந்த மின்னழுத்தத்தைத் தரும் டிரான்ஸ்பார்மரான எல்.ஓ.டி.யையே மாற்றச் சொல்வார்.

நான் அங்கே கற்ற பாடம் ஒன்று இந்தக் கதைக்கு வேண்டியது. ஒரு செட் செத்துக் கிடந்தது. மீட்டரை வைத்தேன், செட்டின் உள் சப்ளையில் வேண்டிய 110 வோல்ட் சரியாக நின்றது. “அண்ணே, சப்ளை ஓகே, அந்தப் பக்கம்தான் கோளாறு” என்றேன். பின்னந்தலையில் ஒரு தட்டு விழுந்தது. அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் லோடாக, அதாவது கரண்ட் இழுக்கும் சுமையாக, ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டார். மறுபடி அளக்கச் சொன்னார். மீட்டர் 60-க்குப் போய்விட்டது. பல்பு சோகையாக எரிந்தது. காரணம், உலர்ந்துபோன கண்டன்சர் ஒன்று. “சும்மா நிக்கிற மாடு எல்லாம் நல்ல மாடுதான். ஏர்ல பூட்டிப் பாரு.”

கவர்மெண்ட் டிவி

2006 செப்டம்பரில் அரசு இலவச கலர் டிவித் திட்டம் தொடங்கியபோது தெருவில் இருந்த நான்கு மெக்கானிக்குகளும் தலையில் கைவைத்தார்கள். பழைய கறுப்பு வெள்ளை செட்டை யார் இனி ரிப்பேர் செய்வார்கள் என்று பயம். நடந்தது தலைகீழ். டிவியே இல்லாத வீடுகளுக்கெல்லாம் 14 இஞ்ச் செட் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தது. நோட்டில் ‘க.டி.’ என்று சுருக்கி எழுதியிருக்கிறார். 2008-க்குப் பிறகு ஐந்தாறு வருஷம் பாதிப் பக்கம் க.டி.தான். 2011-ல் வந்த இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் அதற்குமேல் இரண்டு மூன்று வருஷம் இழுத்தது.

இதனால்தான் அவர் சரிவைத் தாமதமாகப் பார்த்தார் என்பது என் கணிப்பு. பெரிய ஊர்களில் டியூப் செட்டுக்கு மாலை போட ஆரம்பித்திருந்தார்கள். இங்கே இலவச செட்டுகள் அந்த நாளை ஒத்திப்போட்டன. மாறுவதற்குக் கையில் காசும் வயதும் இருந்த நேரத்தில் கடையில் கூட்டமும் இருந்தது.

எல்.இ.டி. வந்ததும் தொழிலின் கணக்கு வேறாகிவிட்டது. பேக்லைட் பட்டை போனால் மாற்றலாம். பேனல் போனால் பேனலின் விலை புதுச் செட்டை எட்டித் தொடும். உப்புக் காற்று பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகளைத்தான் முதலில் தின்கிறது. குறுக்கே கோடு விழுகிறது. அதை ஒட்டும் இயந்திரம் மதுரையில் இருக்கும், கடைத்தெருவில் இருக்காது. திறந்து, அரை மணி நேரம் பார்த்து, “இது தேறாது” என்று சொன்னால் இருநூறு ரூபாய் கேட்கலாமா? “செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு டாக்டருக்குக் காசு குடுப்பாங்க. எனக்குக் குடுக்க மாட்டாங்க.” செட்டாப் பாக்ஸ் வந்தது, கெட்டால் கேபிள்காரர் பெட்டியையே மாற்றிக் கொடுத்தார், உள்ளே என்ன என்று யாரும் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைகள் போனில் படம் பார்க்க ஆரம்பித்ததால் வீட்டில் டிவி கெட்டாலும் ஒரு மாதம் யாரும் அவசரப்படவில்லை. அந்த அவசரம்தான் ரிப்பேர்காரனின் கூலி.

தவறிய இரண்டு

2012-ல், நாற்பத்துமூன்று வயதில், மதுரையில் மூன்று மாத செல்போன் ரிப்பேர் வகுப்புக்குப் போனார். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆளுக்கு அடுத்த படி அதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அது தவறான யோசனை. கடுகளவு சாமானைச் சூடான காற்றில் எடுத்து வைக்கக் கண்ணும் கையும் இருபது வயதுக்காரனுடையதாக இருக்கவேண்டும். வேலையில் பாதி சாஃப்ட்வேர். மீதியில் பாதி கடல் தண்ணீரில் விழுந்த போன். குளத்தில் விழுந்த போன் பிழைக்கும். உப்புத் தண்ணீரில் ஆன் நிலையில் விழுந்தது பிழைப்பது அபூர்வம். “குடுக்கும்போது லைட்டாவது எரிஞ்சுச்சு, நீ தொட்டதும் அதுவும் போச்சு” என்று சண்டை. ஒன்றரை வருஷத்தில் அந்த மேஜையைக் காலி செய்தார்.

2015-ல் சிசிடிவி. ஒரு நிறுவனத்துக்குக் கீழே சப்-காண்டிராக்ட். ஏணி ஏறுவதும் கேபிள் இழுப்பதும் அவருக்குக் கைவந்த வேலை, அதில் குறையில்லை. காசு வரவில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் என்று இழுத்தது. பெட்ரோலும் சாப்பாடும் கைக்காசு. வேலை தெரிந்தவனுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது இருபத்துநாலு வருஷம் சொந்தக் கடை வைத்தவருக்குத் தெரியவில்லை. எழுபதாயிரத்துக்கு மேல் பாக்கியோடு வெளியே வந்தார். அதில் பாதி இன்றுவரை வரவில்லை.

இரண்டுமே மேலே பார்த்தால் 110 வோல்ட் காட்டிய தொழில்கள்.

இந்த இடைவெளி வருஷங்களில் வீடு எப்படி ஓடியது என்பதை இம்மாதிரிக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை. மதினி தைத்தார். பள்ளிச் சீருடை, பிளவுஸ், படகுக்காரர்களுக்குப் படுதா ஓரம் அடிப்பது வரை. ஐந்தரைப் பவுன் நான்கு வருஷம் அடகில் இருந்தது. “அவக மாறுனாக, மாறுனாகங்கிறாங்க. மிஷின் மிதிச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். பேசவில்லை.

அதே தெருவில் இருந்த மற்ற மூவரில் ஒருவர் சவூதிக்கு டிரைவராகப் போனார். ஒருவர் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிறார், பரவாயில்லை. மூன்றாமவர் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் வந்தபோது நம் மாவட்டத்துக்கே விடிவு என்று நம்பி அலைந்தார். கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தது. கட்டி முடித்ததும் வேண்டியிருக்கவில்லை. அங்கே பேனலைத் துடைப்பதுகூட தானியங்கி இயந்திரம். அவர் இப்போது பெட்ரோல் பங்கில் இரவு வேலை. கைத்திறனில் அண்ணனைவிட ஒரு படி மேல் என்று நான் நினைத்த மனிதர் அவர்.

பலகை மேல் நின்று

2018 மே. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வெளியூர்க்காரர்கள் அதைச் சும்மா இருக்கும் காலம் என்று நினைப்பார்கள். கரையில் அதுதான் வேலைக்காலம். படகை ஏற்றிப் பலகை மாற்றுவது, பெயிண்ட், எஞ்சின் இறக்குவது எல்லாம் அப்போதுதான்.

இருபது வருஷமாக அண்ணனிடம் டிவி கொடுத்து வாங்கிய ஒரு சம்மாட்டி (படகு முதலாளி), வீட்டு செட்டைப் பார்க்கக் கூப்பிட்டார். பார்த்து முடித்ததும், “போட்டுல வயர்லெஸ் ஒண்ணு மக்கர் பண்ணுது, வந்து பாருங்களேன்” என்றார். பதினாலாயிரம் ரூபாய் செட். முதல் செட்டை மாற்றிப் புதுசு வைத்தும் அதே கோளாறு: அடுத்த படகுக்காரன் பேசுவது தெளிவாகக் கேட்கும், நாம் பேசப் பட்டனை அமுக்கினால் செட் அணைந்துவிடும். இரண்டாவது செட்டும் ‘டூப்ளிகேட்’ என்று முடிவாகி, மூன்றாவது வாங்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் பிறந்து வளர்ந்தும் தெரியாது. படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே போட்ட பலகையில் இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றினார்கள்.

பேட்டரியில் 12.7 வோல்ட். வீல் ஹவுஸில் செட்டின் முனையில் 12.5. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் இங்கே மீட்டரை எடுத்துவிட்டார்கள். அண்ணன் மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கச் சொன்னார். 9.8. பேட்டரியில் போய் அளந்தார், அங்கே 12.4 குறையாமல் நின்றது. கேட்கும்போது அந்தச் செட் அரை ஆம்பியர்கூட எடுக்காது. 25 வாட்டில் பேசும்போது ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். செட்டிலும் கோளாறில்லை, பேட்டரியிலும் இல்லை. நடுவில் கிடந்த பதினெட்டடி வயரில்தான்.

வீட்டுக்கு இழுக்கும் சாதாரண வயர். மூன்று இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப்பை அறுத்ததும் பச்சைப் பொடி கொட்டியது. அதோடு விடாமல் வயரின் மேல்தோலைச் சீவிக்கொண்டே போனார். ஒரு சாண் தூரத்துக்கு உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. டேப் சுற்றிய முனை வழியாக ஈரம் ஏறி, இழைகளுக்கு இடையில் ஊர்ந்து போயிருக்கிறது. ஃபியூஸ் தாங்கியின் ஸ்பிரிங்கில் பாதி இல்லை.

வயரையும் ஃபியூஸையும் மாற்றி, பழைய முதல் செட்டையே எடுத்து மாட்டினார். பேசியது. முந்நூறு ரூபாய் கேட்டார். சம்மாட்டி ஆயிரம் கொடுத்து, “எங்க கூட்டத்துல ஆறு போட்டு இருக்கு” என்றார்.

அந்த வருஷம் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுத ஆரம்பித்திருக்கிறார். முன்பக்கம் டிவி, பின்பக்கம் படகு. ஏன் என்று கேட்டேன். “கணக்கு கலந்துறக் கூடாதுல்ல” என்றார்.

மறக்க வேண்டியவை

தொழில் மாறும்போது கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பார்கள். எதை எடுத்துக்கொண்டு போவது என்பது போகும்போது தெரிவதில்லை. அண்ணன் தன் சொத்து என்று நினைத்தது ஈயம் வைக்கும் கை. அவர் வைத்த ஈயம் முத்துப்போல் பளபளக்கும். நான் இன்றும் பையன்களுக்கு அந்தப் பழைய போர்டு ஒன்றைத்தான் காட்டுகிறேன். படகில் அது செல்லாது. எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஈயம் ஏறின இழை விறைத்துக்கொள்ளும். விறைத்ததும் வளைவதும் சேரும் இடத்தில் ஒடியும். முதல் சீசனில் அவர் அழகாக ஈயம் வைத்த இணைப்புகளில் நான்கு, தொழிலுக்குப் போன மூன்றாம் மாதம் அறுந்தன. வயர் முனையில் மாட்டும் லக்கை வைத்து அழுத்தி நெரிக்கும் இடுக்கி, உள்ளே பசை உருகும் சுருக்குக் குழாய், வெள்ளீயம் பூசிய இழை வயர் என்று எல்லாம் புதிதாகப் படித்தார். “முப்பது வருசம் பழகின கை, அது பாட்டுக்கு சால்டரிங் அயர்னைத் தேடுது” என்று சிரித்தார்.

ஆன்டெனாவிலும் ஒரு அடி. டிவி கேபிளில் ஊறியவர், வயர்லெஸ் ஆன்டெனாவுக்கும் அதையே இழுத்துவிட்டார். டிவி கேபிள் 75 ஓம், வயர்லெஸுக்கு வேண்டியது 50 ஓம். அது ஒரு குறை. பெரிய குறை உப்பு. டிவி கேபிளின் வலை அலுமினியம். இரண்டு மாதத்தில் உள்ளே வெள்ளைப் பொடி. ஐந்து படகுக்குத் தன் கைக்காசில் கேபிள் வாங்கி மாற்றிக் கொடுத்தார். அதற்கு முன்னால் அவர் ஒரு மெக்கானிக்; அதற்குப் பின்னால்தான் கரையில் அவருக்குப் பெயர் வந்தது என்று சம்மாட்டியே என்னிடம் சொன்னார்.

மாறாமல் கூட வந்தவை வேறு. பட்டனை அமுக்கிவிட்டு அளக்கும் பழக்கம். உப்பு எங்கே ஒளிந்துகொள்ளும் என்ற வாசனை. மேல் முனை கேபிளுக்குள் தண்ணீர் இறங்காமல் ஒரு சுற்று வளைத்துக் கட்டும், ரூபவாஹினி காலத்து வித்தை. பாக்கி வைத்தவனிடம் முகம் கொடுத்துப் பேசும் கடைக்காரப் பொறுமை.

எக்கோவை அவர் சம்மாட்டியின் டிரைவரிடம் உட்கார்ந்து கற்றார். வடகடல் (பாக் விரிகுடா) ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள். தென்கடலில் (மன்னார் வளைகுடா) தீவுகளைத் தாண்டினால் கிடுகிடுவென்று இறங்கும். ஒன்றுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும், மற்றதற்கு 50 வேண்டும். பெட்டி காட்டுவதைப் படிக்க டிரைவருக்குத்தான் தெரியும். பெட்டி ஏன் காட்டவில்லை என்பதை அண்ணன் பார்ப்பார். பாதி நேரம் கோளாறு பெட்டியில் இருப்பதில்லை. அடிப்பலகையில் பதித்திருக்கும், ஒலி அனுப்பி வாங்கும் கிறிஸ்டலின் முகத்தில் கொட்டலசு என்ற கடல் ஓட்டுயிர் ஒட்டியிருக்கும். அல்லது தடைக்காலத்தில் பெயிண்ட் அடிக்கிற ஆள் அதன் மேலும் சேர்த்து நாலு கோட் அடித்திருப்பார்.

கணக்கு

தடைக்கால 61 நாளில் 35 முதல் 40 படகு. மற்ற மாதங்களில் வாரத்துக்கு மூன்று நான்கு. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாள் பிரிந்திருப்பதால், கரையில் படகு நிற்கும் நாள் முன்கூட்டியே தெரியும். சாமானுக்கு முன்பணம், கூலி ஜூன் 15-க்குப் பிறகு மீன்பாட்டைப் பார்த்து. டிவி காலத்து நல்ல வருஷங்களை இன்னும் எட்டவில்லை என்கிறார். 2014-ஐவிட எவ்வளவோ மேல். நகை 2020 ஜனவரியில் திரும்பியது.

அந்த மார்ச்சில் ஊரடங்கு. படகெல்லாம் நின்றது, முன்பக்க நோட்டு மறுபடி ஓடியது. கடைகள் அடைப்பு, புதுச் செட் வாங்க வழியில்லை, பிள்ளைகளுக்கு கல்வித் தொலைக்காட்சியில் பாடம். பரணில் தூக்கிப் போட்ட க.டி.கள் இறங்கி வந்தன. நான்கு மாதத்தில் 120 உருப்படி. அவருக்கே ஆசை திரும்பியது, பலகைக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டார். 2021-ல் மாதம் நான்கு என்று ஆனதும் பலகையை அவரே இறக்கினார். கடையின் பின்னால் முப்பத்தேழு பிக்சர் டியூப் இன்னும் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் கழுத்துச் சுருளின் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். ஈயம் கலந்த கண்ணாடியை யாரும் எடுப்பதில்லை.

வராத காசும் உண்டு. ஒரு படகை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனது; ஆட்கள் வந்தார்கள், படகு வரவில்லை. நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே 11,400 பாக்கி. கேட்கவில்லை. “போட்டே போச்சு. வயர் காச எந்த வாயால கேக்குறது?”

இதுவும் எத்தனை நாள் என்று நான் யோசிக்கிறேன். 2023-க்குப் பிறகு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை மீன்வளத் துறை வழியாகக் கட்டணமின்றிப் பொருத்துகிறார்கள். எல்லை நெருங்கினால் எச்சரிக்கும், ஆபத்தில் செய்தி அனுப்பும், நல்ல சாமான். அதைப் பொருத்துவதற்குத் தனி ஆட்கள். மூடி முத்திரையிட்ட பெட்டி, அண்ணன் திறக்க முடியாது. பெட்டிக்குக் கரண்ட் போகவில்லை என்றால் மட்டும் கூப்பிடுகிறார்கள். எனக்கு செட்டாப் பாக்ஸ் ஞாபகம் வருகிறது. அவரிடம் சொன்னேன். “பெட்டி யாரோடதா வேணா இருக்கட்டும், வயர் உப்புலதான கிடக்கு” என்றார். பத்து வருஷத்துக்கு அந்தப் பதில் தாங்கும். அவருக்கு அது போதும். என் பையன்களுக்குப் போதாது. ஒரு மீன் இறங்குதளத்துக்கு இப்படி இரண்டு பேர், மூன்று பேர் பிழைக்கலாம். முப்பது பேர் முடியாது.

புதன்கிழமை

நீச்சல் தெரியாத அண்ணன், கரையில் கட்டி நிற்கும் படகில் மட்டுமே வேலை பார்ப்பார், அவிழ்த்தால் இறங்கிவிடுவார். 2022 ஆகஸ்டில் ஒரு படகு அவரை அலைக்கழித்தது. கடலில் ஜிபிஎஸ் அணைந்து அணைந்து எரிகிறது. ஜெட்டியில் எஞ்சினை முழுசாக முடுக்கினாலும் வராத கோளாறு. இந்தியாவும் இலங்கையும் 1974, 76 ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெட்டி அரை நிமிஷம் அணைந்தாலும் டிரைவர் கலங்கிவிடுவார். நான்கு முறை பார்த்தும் பிடிபடவில்லை.

“கடல்லதான் வருதுன்னா கடல்ல வச்சுத்தான் பாக்கணும்” என்று ஒரு புதன்கிழமை கிளம்பினார். மதினி இரண்டு நாள் பேசவில்லை. லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போனாராம்.

ஜிபிஎஸ்ஸின் சப்ளையோடு ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைச் சேர்த்துக் கட்டி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கச்சான் காற்று. முதல் ஒரு மணி நேரத்திலேயே வாந்தி. மூன்றாம் மணி நேரம் வலையை இழுக்க வின்ச் போட்டதும் படகின் உடம்பே ஒரு முறுக்கு முறுக்கிக் கொடுத்தது. பல்பு அணைந்தது, எரிந்தது. எஞ்சின் அறைக்குள் ஊர்ந்து போய், பேட்டரி லக்குகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்தார். பேட்டரிப் பெட்டிக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டியிருந்த லக்கில் மயிரிழை விரிசல். சுவர் முறுக்கும்போது மட்டும் திறக்கிறது. மாற்ற பத்து நிமிஷம்.

கோளாறு தீர்ந்துவிட்டது என்பதற்காகப் படகு கரைக்குத் திரும்பாது. மறுநாள் காலை வரை மீன்பிடித்துவிட்டுத்தான் வரும். ராத்திரி முழுக்க வீல் ஹவுஸ் மூலையில் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

பின்பக்க நோட்டில் அந்தத் தேதிக்கு இப்படி இருக்கிறது: ‘கடல்ல போய்ப் பாத்தது. நெகட்டிவ் லக் விரிசல். லக் 40. கூலி 800. வாந்தி 5.’ அதற்குக் கீழே கோடு போட்டு, புது ரேட்: ‘கரையில் 400. கடலுக்கு வந்தால் 1,500, மீன் தனி.’